ஆறு கட்டையா, ஐந்து கட்டையா? - ஒரு உலோகக் கிடாரின் சுருதிக் கதை

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஏதாவது உருப்படியா எழுதுங்க சார், பழைய மெஸ் சாம்பாரைப் பத்தி ஏற்கெனவே நாலு கட்டுரை வந்துடுச்சு" என்றார்கள். சாம்பார் போய்விட்டதால் எனக்கு மிஞ்சியது கிடார். 1976-79 இயற்பியல் பேட்ச் நண்பர்களுக்கு கிடார் என்றதும் விடுதியில் என் அறைத் தோழனின் ஞாபகம் வந்திருக்கும். கல்கத்தாவில் வளர்ந்தவன் என்பதால் எல்லோருக்கும் அவன் "கல்கத்தா"தான். வார்டன் கூட அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு நாள் வாய் தவறி அப்படியே கூப்பிட்டு விட்டார்.

இது அவனுடைய கிடாரைப் பற்றிய கட்டுரை அல்ல. அமெரிக்காவில் பிறந்த ரெசோனேட்டர் கிடார் என்னும் உலோக வாத்தியத்துக்குச் சுருதியும் கம்பியும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற வரலாறு. ஆனால் இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அவனுடைய கிடார்தான். ஆகவே அதை முதலில் சொல்லியாக வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமல் இருந்த விஷயம் வேறு.

கல்கத்தா கொண்டு வந்தது ஹவாயன் கிடார். அவனுடைய அப்பா வாங்கியது. மடியில் படுக்கப் போட்டுக்கொண்டு, இடது கையில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்துக் கம்பிகளின் மேல் இழுத்து வாசிப்பான். அந்த இரும்புத் துண்டு ஊரிலேயே தங்கிவிட்டதால் நம் துறை ஒர்க் ஷாப்பில், லேப் அட்டெண்டரைக் காக்காய் பிடித்து, லேத்தில் ஒன்று கடைந்து வைத்திருந்தான். சுருதி 'ஏ'. அதாவது கம்பிகளை ஆறாவதிலிருந்து முதலாவது வரை ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ என்று வைப்பான். நம் கணக்கில் சொன்னால் ஆறு கட்டை ஷட்ஜம். ப ச ப ச க ப. (க என்றால் அந்தர காந்தாரம்.) ஒன்றையும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் ஒரு தட்டு தட்டினால் ஒரு முழு மேஜர் கார்டு கேட்கும்.

1978 விடுதி நாள். அவனுடைய நிகழ்ச்சி நாலாவது. ஹாலில் கூட்டம் தாங்கவில்லை, மைக் செட்டோ மூச்சு விட்டால் மட்டும் கத்தியது. "டேய், கடைசி வரிசைக்கு ஒண்ணுமே கேக்காதுடா" என்று அவன் புலம்பிவிட்டுக் குளிக்கப் போனான். எனக்கு ஒரு யோசனை. நூலகத்தில் பார்த்த ஒரு பழைய பாட புத்தகத்தில் 'ஹை பேஸ் ஏ' என்று இன்னொரு சுருதி போட்டிருந்தது. ஏ, சி ஷார்ப், ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. அதாவது ச க ப ச க ப. இவனுடைய சுருதிக்கும் அதற்கும் வித்தியாசம் தடித்த இரண்டு கம்பிகள் மட்டுமே. அவற்றை ஏற்றி முறுக்கினால் சத்தம் 'கணீர்' என்று வரும், வந்து பார்த்து அசந்து போவான் என்று நினைத்தேன். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து ஏ-வுக்கு, ஐந்தாவதை ஏ-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றினேன். நிஜமாகவே கணீரென்றுதான் இருந்தது. பெட்டியில் வைத்து மூடிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து மேடைக்குப் பின்னால் அவன் பெட்டியைத் திறந்தபோது, குதிரை மேல்பலகையிலிருந்து பெயர்ந்து, பலகையில் ஒரு சில்லையும் பிய்த்துக்கொண்டு, கம்பிகளோடு சுருண்டு கிடந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. மேடைக்கு வெறுங்கையோடு போய் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு வந்தான். "வெயில்ல பசை விட்டுப் போச்சுடா, பழைய கிடார் இல்லையா" என்று அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். அந்த விடுமுறையில் கிடாரை ஊருக்குக் கொண்டு போனவன் திரும்பக் கொண்டு வரவே இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அதே பருவத்தில்தான் நாங்கள் சோனாமீட்டர் பரிசோதனை செய்து முடித்திருந்தோம். எனக்கு 50-க்கு 47. பதினேழாம் நூற்றாண்டில் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்த விதி: கம்பியின் நீளமும் எடையும் மாறாமல் இருந்தால், அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதம். புரட்டிச் சொன்னால் அதிர்வெண்ணை ஏற்ற ஏற்ற இழுவிசை அதன் வர்க்கமாக ஏறும். ஆறாவது கம்பியை பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஏற்றினேன். விகிதம் 4:3. வர்க்கம் 16:9. ஐந்தாவதை ஷட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏற்றினேன். 5:4, வர்க்கம் 25:16. வழக்கமான கனமுள்ள கம்பிகள் ஒவ்வொன்றும் சுமார் 12 கிலோ இழுத்துக் கொண்டிருந்தன என்று வைத்துக்கொண்டால், ஒன்று 21 கிலோவுக்கும் மற்றது 19 கிலோவுக்கும் போயிருக்கும். குதிரையின் ஒரே ஓரத்தில் 16 கிலோ கூடுதல் பாரம். அரை மூட்டை அரிசியைத் தொங்கவிட்ட மாதிரி. பசை என்ன செய்யும்?

அந்தப் பாட புத்தகத்தில் தப்பில்லை. ச க ப ச க ப சுருதி வைக்கிறவர்கள் அந்த இரண்டு கம்பிகளையும் மெலிதாக மாற்றிக் கொள்வார்கள். சுருதியை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பியை விட்டது என் தப்பு. இந்த விஷயம் எனக்கு முழுதாக விளங்க இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஓய்வு பெற்ற பின் மகளைப் பார்க்கக் கலிபோர்னியா போயிருந்தபோது ஒரு பழைய வாத்தியக் கடையில் ஒரு கிடாரைப் பார்த்தேன். உடம்பு முழுக்க உலோகம். நடுவில் நம் வீட்டு இட்லித் தட்டு மாதிரி துளை போட்ட ஒரு மூடி. தட்டினால் கோயில் மணிக்கும் பான்ஜோவுக்கும் நடுவிலான ஒரு ஓசை. கையைத் தொட்டதும் விடமுடியவில்லை. விலை கேட்டேன். கடைக்காரர் விலை சொல்லவில்லை, "எந்தச் சுருதியில் வாசிப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். கம்பி கொடுப்பதற்கு முன் அது தெரிந்தாக வேண்டுமாம். பெருமையாக "ஏ" என்றேன். "அப்படியானால் இந்தக் கிடார் வேண்டாம், அல்லது இந்தக் கம்பிகள் வேண்டாம்" என்றார். 1978 விடுதி நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பிறகு படிக்க ஆரம்பித்தேன்.

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 1830-களில் அங்கே மாடு மேய்க்கக் கற்றுக்கொடுக்க மெக்சிகோ நாட்டுப் பகுதிகளிலிருந்து குதிரைக்காரர்களை அரசர் மூன்றாம் கமேஹமேஹா வரவழைத்தார். அவர்களோடு கிடாரும் வந்தது. ஹவாய்க்காரர்கள் அதன் சில கம்பிகளைத் தளர்த்தி, வெறும் கம்பியிலேயே கார்டு கேட்கும்படி தங்களுக்கு ஏற்ற சுருதிகளை அமைத்துக் கொண்டார்கள். 'தளர்ந்த பிரடை' என்று பொருள்படும் 'ஸ்லாக் கீ' என்ற பெயர் அப்படி வந்தது. தளர்த்தினார்கள், முறுக்கவில்லை என்பதை நான் குறித்துக் கொண்டேன்.

பிறகு ஜோசப் கெகுகு. 1874-இல் ஓவாஹூ தீவில் பிறந்தவர். பள்ளி மாணவனாக இருந்தபோது ரயில் பாதை ஓரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்து கிடார்க் கம்பியில் இழுத்துப் பார்த்தார் என்றும், சீப்பு, கத்தி என்று பலவற்றை முயன்று கடைசியில் பள்ளி ஒர்க் ஷாப்பிலேயே ஒரு இரும்புத் துண்டைச் செய்துகொண்டார் என்றும் சொல்வார்கள். (நம் கல்கத்தா லேத்தில் கடைந்தது தெரியாமலே செய்த மரியாதை போலும்.) இவருக்கு முன்பே கேப்ரியல் டேவியன் என்று இந்தியாவில் பிறந்த ஒருவர் ஹொனலூலுவில் இப்படி வாசித்துக் காட்டினார் என்ற கூற்றும் உண்டு. நமக்குக் காலரைத் தூக்கிவிட ஆசைதான். ஆனால் அந்த வாசிப்பை ஒரு முறையாக்கி, 1904-இல் அமெரிக்கப் பெருநிலத்துக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் கொண்டு போனவர் கெகுகுதான்.

இரும்புத் துண்டு வந்ததும் சுருதி விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. விரலால் வாசிக்கும்போது ஒவ்வொரு கம்பியையும் வேறு வேறு மெட்டில் அழுத்தலாம். இரும்புத் துண்டு நேராக இருக்கும்; ஆறு கம்பியையும் ஒரே கோட்டில்தான் தொடும். ஆகவே கார்டு வேண்டுமானால் அது வெறும் கம்பியிலேயே இருந்தாக வேண்டும். நம் கோட்டு வாத்தியத்திலும் மெட்டுகள் கிடையாது, கருங்காலி உருளையை நகர்த்தித்தான் வாசிப்பு. ஆனால் நமக்கு கார்டு தேவையில்லை, ஷட்ஜமும் பஞ்சமமும் போதும். ஹவாய்க்காரருக்குக் காந்தாரம் இல்லாமல் நடக்காது.

அடுத்து, இரும்புத் துண்டுக்கு எடை உண்டு. கம்பி மெலிதாகவோ தளர்ந்தோ இருந்தால் அது கம்பியைக் கீழே அமுக்கி மெட்டில் உரசும். அதற்காகக் கம்பிகளை உயர்த்தி வைத்தார்கள், இரும்புக் கம்பிகளைப் போட்டார்கள், இழுவிசையும் கூடியது. அதைத் தாங்க லாஸ் ஏஞ்சல்ஸில் ஹெர்மன் வைசன்பார்ன் போன்றவர்கள் படுக்கை வாட்டில் மட்டுமே வாசிக்கக்கூடிய கிடார்களைச் செய்தார்கள். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் ஹவாய் அரங்கின் இசையைக் கேட்டு அமெரிக்கா முழுக்க அந்த மோகம் பிடித்துக்கொண்டது. அப்போது வழக்கில் இருந்த இரண்டு 'ஏ' சுருதிகள்: ப ச ப ச க ப, அதாவது லோ பேஸ், ச க ப ச க ப, அதாவது ஹை பேஸ். ஒன்று கல்கத்தாவுடையது, மற்றது என் கைவரிசை.

மோகம் பெரிதானதும் ஹால்கள் பெரிதாயின. கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை! எங்கள் விடுதி நாளின் அதே பிரச்சினை. 1920-களில் ஜார்ஜ் போஷாம்ப் என்ற மேடைக் கலைஞர் இதற்கு வழி தேடி, லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த ஜான் டோபியேரா என்ற கைவினைஞரிடம் போனார். டோபியேரா 1893-இல் இன்றைய ஸ்லோவாக்கியாவில் பிறந்தவர். அவர் என்னைப் போல் கம்பியை முறுக்கவில்லை. மரப்பலகைக்குப் பதிலாக, மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒலிபெருக்கியின் கூம்பு போலச் செய்து, குதிரையை அதன் மேல் வைத்தார். மூன்று சிறு கூம்புகள், அவற்றை இணைக்க டி எழுத்து வடிவில் ஒரு பாலம், உடம்பு ஜெர்மன் சில்வர். 1927-இல் நேஷனல் என்ற பெயரில் இது விற்பனைக்கு வந்தது. அக்காலத்தின் பெரிய ஹவாய் வித்வான் சோல் ஹூபி இதை எடுத்துக்கொண்டதும் பெயர் பரவியது.

பின்பு ஒரே பெரிய கூம்பு கொண்ட மலிவான மாடல்கள் வந்தன. கூம்பின் உச்சியில் ஒரு வட்ட மரத்துண்டு, அதற்குப் பெயரே 'பிஸ்கட்', அதன் மேல் குதிரை. யாருடைய யோசனை இது என்ற தகராறில் டோபியேரா ஓரிரு ஆண்டுகளிலேயே பிரிந்து போய், சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ கம்பெனியைத் தொடங்கினார். டோபியேரா பிரதர்ஸ் என்பதன் சுருக்கம். ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருள். இதில் கூம்பு கவிழாமல் கிண்ணம்போல் நிமிர்ந்திருக்கும். அதன் விளிம்பில் எட்டுக் கால்களை ஊன்றிய ஒரு 'சிலந்தி' குதிரையைத் தாங்கும். இத்தனை செய்த பின், சத்தம் தேடிப் புறப்பட்ட போஷாம்பே 1932 வாக்கில் மின்சார கிடாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார் என்பது வேடிக்கை. 'வறுவல் சட்டி' என்று அதற்குச் செல்லப் பெயர். கூம்புக்கு அத்தோடு வேலை போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அந்த ஓசை வேறு எதிலும் வராது.

இனி கூம்பு. கட்டுரைக்கு முக்கியமான இடம் இதுதான், மாணவர்கள் கொஞ்சம் கவனிக்கவும்.

கூம்பு ஆணியடித்தோ ஒட்டியோ வைக்கப்பட்டதல்ல. ஒரு பள்ளத்தின் விளிம்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதை அங்கே பிடித்து வைப்பது கம்பிகளின் அழுத்தம் மட்டுமே. கம்பிகள் குதிரையைத் தாண்டும் இடத்தில் சற்றே கீழ்நோக்கி வளைகின்றன. அந்த வளைவால்தான் இழுவிசையில் ஒரு பகுதி கீழே அமுக்கும் விசையாகிறது. மொத்த இழுவிசை 95 கிலோ, வளைவு 10 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கூம்பின் தலையில் ஏறி நிற்பது 16 கிலோ சொச்சம். தாளைப் போன்ற அலுமினியத்தின் மேல். பாரம் மிகுந்தால் கூம்பு அமுங்கிச் சொட்டையாகும்; ஓசை செத்துவிடும். பாரம் குறைந்தாலோ கூம்பு இருக்கையில் உட்காராமல் 'கிர்ர்' என்று அதிரும். ஆக, மற்ற கிடார்களுக்குச் சுருதி என்பது இசை விஷயம். இதற்கு அது உறுப்பின் உயிர் விஷயம். கம்பி மாற்றும்போது ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, ஒவ்வொன்றாக மாற்று என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

கம்பியின் கேஜ் என்பது ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்ற கணக்கு. 16 என்றால் 0.016 அங்குலம். 25 அங்குல நீளத்தில் 13 கேஜ் கம்பியை ஈ-க்கு வைத்தால் 12 கிலோ இழுக்கும். அதையே டி-க்கு இறக்கினால் ஒன்பதரைதான். இரும்புத் துண்டின் கீழ் தொய்யும். டி-யில் 15 கேஜ் போட்டால் மறுபடி பன்னிரண்டரைக்கு மேல் வந்துவிடும். 16 கேஜ் போட்டால் 14 கிலோ சொச்சம். சுருதியை இறக்கினால் கம்பியைத் தடிப்பாக்கு, ஏற்றினால் மெலிதாக்கு. ஐம்பது மார்க் சோனாமீட்டரில் இருந்தது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கைத் தாளில் போடாமலேயே தெரிந்து வைத்திருந்தவர்கள் அமெரிக்கத் தென் மாநிலக் கறுப்பினக் கலைஞர்கள். உருண்டைக் கழுத்துள்ள நேஷனல் கிடாரை மார்பில் சாய்த்துப் பிடித்து, சுண்டு விரலில் ஒரு பாட்டில் கழுத்தையோ குழாயையோ மாட்டி இழுத்தார்கள். டாம்பா ரெட், சன் ஹவுஸ், புக்கா வைட் ஆகியோர் கைகளில் இந்த வாத்தியம் வேறு பாஷை பேசியது. மின்சாரம் எட்டாத கிராமத்து விருந்துகளில், கூச்சலுக்கு மேல் கேட்கக்கூடியது அது ஒன்றுதான். 1930-களில் 32.50 டாலருக்கு வந்த எஃகு உடம்பு டூயோலியன் மாடல் அப்படித்தான் பரவியது.

அவர்களிடம் இரண்டு முக்கியச் சுருதிகள். முதலாவது 'ஸ்பானிஷ்' என்னும் ஓப்பன் ஜி: டி, ஜி, டி, ஜி, பி, டி. ப ச ப ச க ப! கல்கத்தாவின் அதே வரிசை, ஒரு கட்டை கீழே. சாதாரண கிடார்ச் சுருதியிலிருந்து 'ஏ'-க்குப் போக மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும். 'ஜி'-க்குப் போக மூன்று கம்பிகளை இறக்க வேண்டும். வரிசை ஒன்றே, ஆனால் கிடாருக்கு ஒன்று பாரம், மற்றது ஓய்வு. இரண்டாவது 'வெஸ்டபோல்' என்னும் ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. அதாவது ச ப ச க ப ச. இதுவும் இறக்கியதுதான். ஒரு கட்டை ஏற்றினால் ஓப்பன் ஈ.

இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு வேடிக்கை உண்டு. 1854-55 கிரிமியப் போரில் செவஸ்டபோல் முற்றுகை உலகச் செய்தியாயிற்று. அமெரிக்காவில் ஹென்றி வொரால் என்ற கிடார் ஆசிரியர் 'செபாஸ்டபோல்' என்று ஒரு உருப்படியையும், 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ' என்று இன்னொன்றையும் வெளியிட்டார். ஒன்று ஓப்பன் டி, மற்றது ஓப்பன் ஜி. பணக்கார வீட்டுப் பெண்கள் வரவேற்பறையில் வாசித்த அந்த உருப்படிகள் கை மாறிக் கை மாறி, உருப்படி மறந்து, சுருதிக்கு மட்டும் பெயர் நின்றுவிட்டது. கருங்கடல் ஓரத்துத் துறைமுகம் மிசிசிப்பியில் 'வெஸ்டபோல்' ஆன கதை இது. நம்மூர் பெயர்கள் இங்கிலீஷ்காரன் வாயில் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை.

மலைப்பகுதி வெள்ளையர்களின் ப்ளூகிராஸ் இசையில் டோப்ரோ வேறு வழியில் போனது. ராய் ஏகஃப் குழுவில் 1939-இல் சேர்ந்த 'பேஷ்ஃபுல் பிரதர் ஆஸ்வால்ட்' ஹவாய் வாசனையோடு வாசித்தார். 1955-இல் ஃப்ளாட்-ஸ்க்ரக்ஸ் குழுவில் சேர்ந்த ஜாஷ் கிரேவ்ஸ், எர்ல் ஸ்க்ரக்ஸின் பான்ஜோ மூன்று விரல் வீச்சை டோப்ரோவுக்குக் கொண்டு வந்தார். பான்ஜோவின் சுருதி ஜி. டோப்ரோவும் ஜி: ஜி, பி, டி, ஜி, பி, டி. ச க ப ச க ப, ஐந்து கட்டையில். இன்று அந்தச் சுருதிக்கென்று 16-இலிருந்து 56 வரையிலான கம்பி செட் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. மொத்த இழுவிசை 95 கிலோவுக்குக் கிட்ட. அதே கம்பிகளை ஆறு கட்டைக்கு ஏற்றினால்? விகிதம் 9:8, வர்க்கம் 81:64. 120 கிலோ. ஒரு கட்டைக்கு 25 கிலோ! டோப்ரோக்காரர் கழுத்தைச் சதுரக் கட்டையாக, படுக்க வைத்து மட்டுமே வாசிக்கும்படி செய்வது வீம்புக்கல்ல.

இந்தியாவுக்கு இது எப்படி வந்தது? டாவ் மோ என்ற, சமோவாவில் பிறந்து ஹவாயில் வளர்ந்த கலைஞர் 1929-இலிருந்து தன் குழுவோடு ஆசியாவைச் சுற்றினார். நாற்பதுகளில் குடும்பத்தோடு கல்கத்தாவில் இருந்தார். அங்கே பலர் அவரிடம் கற்றார்கள், கார்னி நிஸ் அவர்களில் ஒருவர். கல்கத்தா ஹவாயன் கிடாருக்குத் தலைநகர் ஆனது. ஜோத்பூரின் பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராக சங்கீதத்துக்குள் கொண்டு வந்தார். 1967-இல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' இசைத்தட்டில் சந்தூர், புல்லாங்குழலோடு ஒலிப்பது அவர் கிடார். அனுநாதத் தந்திகள் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்ட விஸ்வ மோகன் பட், அமெரிக்க ஸ்லைடு கலைஞர் ரை கூடருடன் சேர்ந்து வாசித்த தட்டுக்கு 1994-இல் கிராமி பரிசு கிடைத்தது. கல்கத்தாவின் அப்பா வாங்கிய கிடாரும் இந்த ஆற்றின் ஒரு வாய்க்கால்தான். அதைத்தான் நான் அடைத்து வைத்தேன்.

என் உலோகக் கிடாருக்கு வருகிறேன். உருண்டைக் கழுத்து, ஒற்றைக் கூம்பு, பிஸ்கட். புத்தி வந்தவன் என்று நினைப்பீர்கள். முதலில் நான் செய்தது, பாக்கெட்டில் டோப்ரோ படம் போட்டிருக்கிறதே என்று 16-56 செட்டை வாங்கி, ச க ப ச க ப வைத்தது. இரண்டாம் வாரம் கழுத்து வில்லாக வளைய ஆரம்பித்தது. இந்தத் தடவை கவனித்துவிட்டேன். உடனே இறக்கினேன். பிறகு பயத்தில் 12 கேஜிலிருந்து தொடங்கும் மெல்லிய செட்டைப் போட்டு ஓப்பன் டி-க்கு இறக்கியபோது கூம்பு கொசு மாதிரி ரீங்கரித்தது. வீட்டில், "இதுக்கு அந்த மிக்ஸியே தேவலை" என்றார்கள்.

கடைசியாக வந்து நின்றது: ஓப்பன் ஜி, ப ச ப ச க ப, ஐந்து கட்டை. கம்பிகள் மேலிருந்து கீழாக 15, 17, 26, 36, 46, 56. பாக்கெட்டில் இப்படிக் கிடைக்காது, தனித்தனியாகப் பொறுக்கி வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 80 கிலோவைத் தாண்டவில்லை. கழுத்து நேராக இருக்கிறது, கூம்பு அமைதியாக இருக்கிறது. ஓப்பன் டி வேண்டும் என்கிற நாட்களில் இரண்டு கம்பிகளை மட்டும் இறக்குகிறேன். ஐந்தாவதை ஜி-யிலிருந்து ஏ-வுக்கு ஏற்ற வேண்டும் என்று சிலர் சொல்வதும் சரிதான், அது ஒன்றே ஒன்று ஏறுகிறது, அதற்கும் 46-க்குப் பதில் 42 போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். வயலின், வீணை எது வைத்திருக்கும் மாணவரானாலும் சரி, கம்பி வாங்கும்போது சுருதியைச் சொல்லி வாங்குங்கள். கேட்காத கடைக்காரரானால் நீங்களே சொல்லுங்கள்.

கல்கத்தா, நீ இந்த ஆண்டு வருகிறாய் என்று பட்டியலில் பார்த்தேன். இதைப் படித்துக்கொண்டிருப்பாய். பசை விடவில்லைடா. நான்தான் இரண்டு பிரடைகளை முறுக்கினேன். அன்றே சொல்லியிருந்தால் உன் அப்பாவிடமாவது சரியான காரணத்தைச் சொல்லியிருப்பாய்.

சனிக்கிழமை மாலை பழைய விடுதி முற்றத்தில் உலோகக் கிடாரோடு இருப்பேன். ஐந்து கட்டைதான்; உனக்கு ஒரு கட்டை இறக்கமாகத் தோன்றும், கை பழகிவிடும். மைக் தேவைப்படாது. உன் ஸ்டீலைத் தேடாதே. நீ லேத்தில் கடைந்தது, ரூம் காலி செய்த அன்று என் பெட்டியோடு வந்துவிட்டது. துரு ஏறவில்லை.